வாயில் இல்லாத மலையில் முடிவு பயணியின் கையில்

பனிச்சறுக்கு விடுமுறைக்காக ஜப்பானின் ஹொக்கைடோவுக்குச் செல்லும் சிங்கப்பூரர்களுக்கு நிசேக்கோ பழக்கமான பெயர். அங்கு பனிச்சரிவு அபாயம் குறித்த தகவல் தினமும் காலையில் வெளியிடப்படுகிறது. நிலைமை மோசமானால், சறுக்குத்தளத்துக்கு வெளியே செல்லும் வாயில்கள் மூடப்படும். கயிற்றைத் தாண்டிச் செல்வோரின் அனுமதி அட்டை பறிக்கப்படும்.

எதிரே உள்ள 1,898 மீட்டர் உயர யோத்தேய் மலையில் அத்தகைய வாயில்கள் இல்லை. 2024 மார்ச்சில் அங்கு ஏற்பட்ட பனிச்சரிவில் நியூசிலாந்து நாட்டவர் இருவர் மாண்டனர்.

காற்று குவித்த புதுப்பனி, வலுவற்ற அடுக்கின்மேல் படிந்திருந்தால் ஒருவரின் எடையே அதை உடைக்கப் போதும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் ஆபத்து அதிகம். உயிரிழப்பு நேரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது, அதில் சிக்கியவர்களோ உடன் சென்றவர்களோதான்.

புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உடன் வந்தவர்களிடம் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கவேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்கவேண்டும்.

மூடிய வாயில் விடுமுறையைக் கெடுப்பதாகத் தோன்றலாம். உண்மையில், பனியை அறிந்தவர்கள் நமக்காக எடுத்த முடிவு அது. யோத்தேயில் அந்த முடிவைப் பயணியே எடுக்கவேண்டும். பனியைக் கணிக்கத் தெரியாதவர்கள் தகுதிபெற்ற வழிகாட்டி இல்லாமல் அங்கு ஏறாமலிருப்பதே நல்லது.