தரையில் தொடங்கும் விமானப் பாதுகாப்பு

பெங்களூரு அருகே தேவனஹள்ளியில் 2008இல் செயல்படத் தொடங்கிய கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையம் இரண்டு ஓடுதளங்களும் இரண்டு முனையங்களும் கொண்டதாக வளர்ந்துள்ள நிலையில், அங்கு இளைஞர்களுக்கு முதலில் கிடைப்பவை பெரும்பாலும் பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்குதல், பேருந்தும் இழுவை வண்டியும் ஓட்டுதல், பயணிகளை விமானத்துக்கு அனுப்புதல் ஆகிய தரைப்பணிகளே. எளியவை என்று கருதப்படும் இவை ஒவ்வொன்றும் விமானப் பாதுகாப்பின் உறுப்பு என்பதை இந்நிலையத்தின் அண்மைக்கால நிகழ்வுகளே காட்டுகின்றன.

2023 ஜனவரி 9 அன்று டெல்லிக்குப் புறப்பட்ட கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்தின் விமானம், பேருந்தில் காத்திருந்த 55 பயணிகளை விட்டுவிட்டுப் பறந்தது. முனைய ஒருங்கிணைப்பாளர், வணிகப் பிரிவு ஊழியர், விமானக் குழுவினர் ஆகியோரிடையே தகவல் முறையாகப் பரிமாறப்படவில்லை என்று கண்ட குடிமை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அந்நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஏப்ரல் 18 அன்று, தரைப்பணி ஒப்பந்த நிறுவனமொன்றின் வேன், நிறுத்திவைக்கப்பட்டிருந்த இண்டிகோ விமானத்தின் அடிப்பகுதியில் மோதியது. ஓட்டுநர் கண்ணயர்ந்ததாக முதற்கட்டச் செய்திகள் தெரிவித்தன. இத்தகைய நிகழ்வைத் தனிமனிதரின் கவனக்குறைவு என்று முடித்துவிடாமல், அவருடைய பணிநேரம் எப்படி வகுக்கப்பட்டது என்று ஆராய்வதே முறையாகும்.

விமானங்கள் நின்று பயணிகளையும் சரக்கையும் ஏற்றும் திறந்தவெளியான ஏப்ரனிலும் ஓடுதளத்திலும் கிடக்கக்கூடிய ஆணி, உலோகத்துண்டு முதலிய அயற்பொருள்களைக் கண்டு அகற்றுவதும் தரைப்பணியாளரின் கடமையே. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில், முன்னர்ப் புறப்பட்ட விமானத்திலிருந்து விழுந்த உலோகப் பட்டை கான்கார்ட் விமானத்தின் டயரைக் கிழித்ததில் தொடங்கிய விபத்து 113 உயிர்களைப் பறித்தது என்பதை நினைத்தால், குனிந்து ஒரு துண்டை எடுக்கும் தொழிலாளியின் பொறுப்பு விளங்கும்.

பின்னணிச் சரிபார்ப்புக்குப் பின் தரப்படும் நுழைவு அனுமதியும், விமானப் பகுதியில் வண்டியோட்டுவதற்கான தனி அனுமதியும் இப்பணியாளர்களிடம் ஏற்கெனவே கோரப்படுகின்றன என்றாலும், அனுமதிச்சீட்டு தகுதியின் தொடக்கமே அன்றி முடிவன்று. 2024 ஜூலையில் மும்பையில் விமான நிலையச் சுமைப்பணிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டதைப்போல் ஆள் எளிதில் கிடைக்கும்போது, பயிற்சியைச் சுருக்கவும் பணிநேரத்தை நீட்டவும் நிறுவனங்களுக்குத் தூண்டுதல் எழுவது இயல்பு. ஆகவே விமானிகளின் பணிநேரத்துக்கு உள்ள சட்ட வரம்பைப் போன்றதொரு கண்டிப்பான வரம்பு தரை வாகன ஓட்டுநர்களுக்கும் வேண்டும். குறையைக் கண்டு சொல்லும் ஒப்பந்தத் தொழிலாளி வேலையிழக்க மாட்டார் என்ற உறுதியும், அனுபவத்தால் மேற்பார்வையாளராகவும் பாதுகாப்பு அலுவலராகவும் உயரும் வழியும் ஒப்பந்த விதிகளிலேயே எழுதப்பட வேண்டும்.