கடலுக்குப் பசளையா?



தோட்டத்துக்கு இடும் யூரியாவில் ஒரு பகுதியையே பயிர் எடுக்கிறது. மிகுதி மழையோடு கரைந்து, எமது சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கும் கடலுக்கும் போகிறது. குடாநாட்டுத் தோட்டக் கிராமங்கள் பலவற்றில் கிணற்றுநீரின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியுள்ளது. “கடலுக்குப் போனால் நல்லதுதானே? பாசி வளரும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் கடலுக்குள் அடங்கிவிடும்” என்று வாதிடுவோர் உளர். இதை நான் ஏற்கவில்லை.

கடல்நீரில் பிளாந்தன் எனப்படும் நுண்ணுயிர்கள் மிதக்கின்றன. அவற்றுள் தாவர இனம் காபனை எடுத்து வளர்கிறது. அந்தக் காபன் ஆழத்துக்கு இறங்குமா என்பது, எந்த இனம் வளர்கிறது, அதை எது தின்கிறது என்பதைப் பொறுத்தது. சிலிக்கா ஓடுடைய தயற்றங்கள் பெருகினால் அவை திரளாகச் சேர்ந்து அமிழும். மிகச் சிறிய பாசி பெருகினால், சிற்றுயிர்கள் அதைத் தின்று சுவாசித்து வெளிவிடும். காபன் மேல்நீரிலேயே சுழன்று மீண்டும் காற்றில் கலக்கும்.

2009 இல் இந்திய, ஜேர்மன் விஞ்ஞானிகள் தென்சமுத்திரத்தில் ‘லோகாபெக்ஸ்’ பரிசோதனையை நடத்தினர். 300 சதுர கிலோமீற்றர் பரப்பில் இரும்புச்சத்தைக் கரைத்தனர். பாசி வளர்ந்தது. ஆனால் அந்நீரில் சிலிக்கா குறைவாக இருந்தமையால் தயற்றங்கள் பெருகவில்லை. வளர்ந்த பாசியை இறால் இனத்தை ஒத்த சிற்றுயிர்கள் மேய்ந்தன. ஆழத்துக்குச் சென்ற காபன் சொற்பமே.

எமது கடலுக்கோ அந்த ஆழமும் இல்லை. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த கடலில் அமிழ்வது அடியிலேயே அழுகி, மீனுக்குரிய ஒட்சிசனைக் குறைக்கும். 2019 இல் பாம்பனை அண்டிய மன்னார் வளைகுடாவில் பிளாந்தன் மிகையாகப் பெருகி, ஒட்சிசன் குறைந்து, மீன்களும் முருகைகளும் மடிந்தன. அது யூரியாவின் விளைவென்று நான் சொல்லவில்லை. பாசி மிகுந்தால் நேர்வதற்கு அது சாட்சி. எமது கடலில் காபனைச் சேற்றில் புதைத்து வைப்பது கடற்புல்லே. நீர் பச்சையாகக் கலங்கினால் அதற்கு வெயில் எட்டாது.

1990 இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்கள், பற்றை மண்டிய காணியைத் திருத்தும்போது விரைவில் விளைச்சல் காண விரும்புவது நியாயமே. கடனும் நெருக்குகிறது. ஆயினும் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். கடும் மழைக்கு முன் இடாதீர்கள். ஆட்டெரு, மாட்டெரு, பழைய பனையோலை ஆகியவற்றை மண்ணில் தாழ்த்து மண்ணைப் பலப்படுத்துங்கள். இதனால் முதலில் மிஞ்சுவது உங்கள் பணம். அடுத்து உங்கள் பிள்ளைகளின் குடிநீர். அதற்கடுத்து அயலிலுள்ள மீனவரின் பிழைப்பு.