உப்பு போட்ட கை



"மண்புழு உழவனின் நண்பன்" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பத்தாவது வரை படித்திருக்கிறேன். ஆனால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, மழைக்காலத்தில் கொல்லைப்புற பாத்ரூமுக்குள் மண்புழு ஊர்ந்து வந்தால், ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டுவிட்டு மறுவேலை பார்ப்பேன். மாமியார் செய்ததை நானும் செய்தேன், அவ்வளவுதான்.

என் சின்னவனுக்கு நாலரை வயது. அவன் அப்பா நூலகத்திலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் எடுத்து வந்தார். அதில் மண்புழு, கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாழைப்பழத் தோல் சாப்பிடும். ராத்திரி அதைப் படித்துக் காட்டினால்தான் தூக்கமே. ஒருநாள், "புழுவை ரெண்டா வெட்டினா ரெண்டு புழு ஆகுமாம்மா?" என்று கேட்டான். அடுப்படி அவசரத்தில், "ஆமாண்டா, ஆகும்" என்று சொல்லித் தொலைத்தேன். சின்ன வயதில் யாரோ எனக்குச் சொன்னதுதான்.

மறுநாள் கத்தரிக்கோலும் கையுமாகக் கொல்லையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு துண்டும் துடித்தன. இரண்டு புழுவாக எழுந்து ஓடும் என்று சாயங்காலம் வரை காவல் காத்தான். எறும்புதான் வந்தது. அவன் அழுத அழுகை இருக்கிறதே! "நீதானேம்மா சொன்னே..." என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை.

பக்கத்துத் தெருவில், விவசாய ஆபீசில் வேலை பார்த்து ரிடையரான பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். வெட்டினால் இரண்டாகாதாம். வால் பக்கம் கொஞ்சம் அறுந்தால், தலைப் பக்கம் சில சமயம் பிழைக்குமாம். அதற்குக் கண்ணும் கிடையாது, பல்லும் கிடையாது. ஈரமான தோலால்தான் மூச்சு விடுகிறது. உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். டார்வின் என்ற மேதை 1881-லேயே மண்புழுவுக்கென்று ஒரு முழுப் புத்தகம் எழுதினாராம். நானோ உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்!

படப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால், மற்ற பிள்ளைகள் மாதிரி என் மகனும் "சீ" என்று ஓடியிருப்பான். ஆனால், கண்ணாடி போட்ட புழுவை மட்டும் காட்டிவிட்டு நிஜப் புழுவைப் பார்த்ததும், "தொடாதே, அழுக்கு" என்று நாம் அதட்டினால், பிள்ளை எதை நம்பும்?

ஓட்டை விழுந்த பழைய பக்கெட்டில் தேங்காய் நார், காய்ந்த இலை, நன்றாக ஆறிய சாணி போட்டோம். பச்சைச் சாணியின் சூட்டில் புழு செத்துவிடும். பெரியவரே எருப்புழு கொடுத்தார். காய்கறித் தோல் போடுவது சின்னவன் வேலை. எலுமிச்சைத் தோல், எண்ணெய், மிச்சக் குழம்பு கூடாது. முதல் வாரம் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றி நாற்றமெடுத்துவிட்டது. மாமியார் வாயில் நான்தான் விழுந்தேன்! மேலும் நாரைப் போட்டதும் சரியானது. இரண்டு மாதத்தில் டீத்தூள் மாதிரி எரு கிடைத்தது. கத்தரிச் செடிக்குப் போட்டிருக்கிறோம்.

போன வாரம் மழையில் பாத்ரூமுக்குள் ஒரு புழு வந்தது. மாமியார் உப்பை எடுக்கப் போனார். சின்னவன் ஓடி வந்து, ஒரு பூவரச இலையில் அதை ஏந்திக்கொண்டு போய்ச் செடியடியில் விட்டான்.

"அதுக்குக் கண்ணு இல்ல பாட்டி. வழி தெரியாம வந்துடுச்சு."

— ஒரு வாசகி, மன்னார்குடி.