ஊர்ச் சம்பளம், அயல்நாட்டு வீடு

ஊர் வேலையை விடாமலே அயல்நாட்டில் குடியேறி, வசிப்புரிமை கேட்கலாமாம். போர்ச்சுகல் 2022 அக்டோபரில் இப்படியொரு விசா கொண்டுவந்தது. அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நாலு மடங்கு வெளியிலிருந்து வரணும். கம்ப்யூட்டர் வேலைக்காரர் போகலாம். நாம லேத்தைத் தூக்கிக்கிட்டா போறது?

நமக்குப் பேச்சு சிங்கப்பூர்தான். "போய்ச் சேரு தம்பி, பி.ஆர். தானா வரும்" என்பார் ஏஜென்ட். பணத்தை எண்ணி முடிக்கும்வரை அவருக்கு எல்லாமே தானா வரும்! ஒர்க் பெர்மிட்டை வைத்து, எத்தனை வருஷம் உழைத்தாலும் பி.ஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. டெக்னீஷியன் நிலைக்குரிய எஸ் பாஸ் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கொடுப்பது அவர்கள் இஷ்டம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவன் நான். அப்பாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஏஜென்டுக்குத் தெரியும். ராஜினாமா எழுதுமுன், அனுமதிக் கடிதத்தில் எந்தப் பாஸ் என்று நாமே படித்துப் பார்க்கணும்.