எதிரே வருகிறவருக்கும் கண் உண்டு!

நாளுக்கு நாள் ஒரு தொல்லை பெருகி வருகிறது. சின்னத் தொல்லைதானே என்று யாரும் தட்டிக் கழிக்க வேண்டாம். ஆளையே சாய்த்துவிடும் தொல்லை இது!

இரவு 8 மணிக்கு மேல் சென்னையில் ஏதாவது ஓர் உள்ரோட்டில் நின்று பாருங்கள். நடுவே தடுப்புச் சுவர் இல்லாத ரோடாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வரும். சில வண்டிகள் மஞ்சள் வெளிச்சத்தோடு சாதாரணமாகப் போகும். அப்புறம் ஒன்று வரும் பாருங்கள்! வெள்ளை வெளேரென்று, வெல்டிங் பட்டறை நெருப்பு மாதிரி!

எதிரே வருகிறவர் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணை மறைக்கிறார். சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நின்றுவிடுகிறார். மாவு பாக்கெட் வாங்கப் போன அம்மா, ரோட்டைத் தாண்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் திகைக்கிறார். வெளிச்சம் போட்டவரோ ஜாலியாகப் போய்க்கொண்டே இருக்கிறார்!

இது வண்டிக் கம்பெனி கொடுத்த லைட் அல்ல. கம்பெனி கொடுத்த ஹாலஜன் பல்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் கடையில் வாங்கி மாட்டிய எல்.இ.டி. பல்பு. கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வருகிற வண்டிகளை நாம் குறை சொல்லவில்லை. அதற்கென்று தனி ரிப்ளெக்டரோ லென்சோ வைத்து, அளவு பார்த்துச் செய்திருக்கிறார்கள். பழைய கூட்டில் புதுப் பல்பைத் திணிப்பதுதான் தகராறு.

மாட்டுகிறவர் பக்க நியாயம்

"ஏன் சார் மாட்டினீர்கள்?" என்று கேட்டால், அவரிடமும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது.

"ரோடு தெரியலைங்க. பள்ளம் எங்கே, மேடு எங்கே, பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் எங்கேன்னு ஒண்ணும் தெரியலை. தெரு விளக்கும் எரியலை. நான் விழுந்து சாகணுமா?" என்கிறார்.

உண்மைதான். நம்மூர் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் வருவது 35/35 வாட் ஹாலஜன் பல்பு. டிம்முக்கு 35 வாட், பிரைட்டுக்கு 35 வாட். காரில் வருகிற எச்.4 பல்பு 60/55 வாட். அதோடு ஒப்பிட்டால் பைக் வெளிச்சம் பாதிதான். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும், சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போகிற பையனுக்கும் அது போதவில்லை என்றால் அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நமக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக எதிராளியைக் குருடாக்கலாமா? அதுதான் கேள்வி.

கோளாறு எங்கே?

பல்பில் மட்டும் இல்லை கோளாறு. பல்பும் ரிப்ளெக்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தாததில் இருக்கிறது.

ஹெட்லைட் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு கிண்ணம் இருக்கிறதே, அதுதான் ரிப்ளெக்டர். ஹாலஜன் பல்புக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளை மனதில் வைத்து வளைத்த கிண்ணம் அது. அந்தச் சுருள் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ, அந்த இடத்தில் இருந்தால்தான் வெளிச்சம் ரோட்டில் சரியாக விழும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே, தூரத்தில் வெளிச்சம் விழுகிற இடம் அடிக்கணக்கில் மாறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. டிம் சுருளுக்குக் கீழே குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். வெளிச்சம் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே கிளம்பாமல் தடுப்பது அதன் வேலை. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றுவதே அந்தத் தகடுதான்!

எல்.இ.டி. பல்பில் கம்பிச் சுருள் கிடையாது. தட்டையான சில்லுகளை இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பார்கள். சுருளைப் போல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் வராது. சில்லு அளவு தப்பி உட்கார்ந்திருந்தால், பல்பைத் திருப்பி மாட்டிவிட்டால், தகடு சரியில்லாமல் போனால் - போச்சு! டிம் போட்டாலும் பிரைட் போட்டாலும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். ரோட்டுக்குப் போக வேண்டிய வெளிச்சம் எதிராளி முகத்துக்கும் மரக்கிளைக்கும் போகும்.

ஓட்டுகிறவருக்கு இது தெரிவதில்லை. வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பகல் மாதிரி இருக்கிறது. "ஆகா, என்ன வெளிச்சம்!" என்று பூரித்துப் போகிறார். கிட்டத்தில் வெளிச்சம் கூடக் கூட, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். வேகமாகப் போகிறவருக்கு வேண்டியது தூரத்து வெளிச்சம். அது கூடியதா, குறைந்ததா என்று யார் பார்த்தார்கள்?

நிறத்தையும் கவனியுங்கள். ஹாலஜன் மஞ்சள் கலந்த வெளிச்சம். கடையில் விற்கிற எல்.இ.டி. பெரும்பாலும் 6,000 கெல்வினுக்கு மேல், நீலம் கலந்த வெள்ளை. அது கண்ணை அதிகம் உறுத்தும்.

இரண்டு வினாடி போதும்!

கண் கூசினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் போகும். இரண்டு வினாடி கண் தெரியாமல் போனால் 22 மீட்டர். ஏறக்குறைய இரண்டு மாநகரப் பஸ் நீளம்! அந்தத் தூரத்தை அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம். அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கலாம். ஒரு மாடு நிற்கலாம். ஒரு குழந்தை ஓடி வரலாம்.

வயதானவர்களுக்கு இன்னும் கஷ்டம். கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்ப அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கண்ணில் புரை விழ ஆரம்பித்தவர் என்றால், எதிரே வருகிற வெளிச்சம் அப்படியே பரவி, எல்லாவற்றையும் மறைத்துவிடும். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிர் இழந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசு கொடுத்த கணக்கு இது. 100 பேரில் 44 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். 19 பேர் நடந்து போனவர்கள். எல்லாம் லைட்டால் வந்த சாவு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கண் கூசினால் முதலில் ஆபத்தில் மாட்டுகிறவர்கள் இந்த இரண்டு கூட்டத்தார்தான். பஸ்காரருக்கும் லாரிக்காரருக்கும் சுற்றிலும் தகரம் இருக்கிறது. பைக்காரருக்கு என்ன இருக்கிறது? பல்பை மாற்றிய பைக்காரர் குருடாக்குவது பெரும்பாலும் இன்னொரு பைக்காரரைத்தான்!

சட்டம் தூங்குகிறது

சட்டம் இல்லாமல் இல்லை.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி தெளிவாகச் சொல்கிறது: வண்டியின் முன் விளக்கு வெளிச்சம் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். 8 மீட்டர் தூரத்தில், விளக்குக்கு அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசக் கூடாது. எதிரே வருகிறவரை நினைத்து எழுதிய விதி அது.

கம்பெனி செய்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்றும் எழுதி வைத்தார்கள்.

எழுதி வைத்து என்ன பிரயோசனம்? ஹெல்மெட் இல்லாதவரை மடக்குகிறார்கள். சரி. மூன்று பேர் போனால் மடக்குகிறார்கள். ரொம்ப சரி. கண்ணைப் பறிக்கிற லைட்டோடு வருகிறவர் போலீசாரின் மூஞ்சியிலேயே வெளிச்சம் அடித்துவிட்டுப் போகிறார். மடக்குவார் யாருமில்லை!

ஒரு காலத்தில் லாரி, பஸ், கார் ஹெட்லைட்டுகளில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். கறுப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். அப்போது இருந்த மங்கல் பல்புக்கே அவ்வளவு அக்கறை! இப்போது வெளிச்சம் பல மடங்கு கூடிவிட்டது. அக்கறை எங்கே போனது?

2017 ஏப்ரல் முதல், புதிதாக வரும் இரு சக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. என்ஜின் ஓடினால் லைட்டும் எரியும். மற்றவர் கண்ணுக்கு வண்டி தெரியட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு. அந்த வண்டிகளில் தப்பான பல்பை மாட்டினால், தொல்லையும் அணையாமல் எரியும்!

பைக்காரர்களே, கேளுங்கள்

வெளிச்சம் குறைந்தால் உடனே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ ஓட வேண்டாம். முதலில் இதையெல்லாம் பாருங்கள்.

கண்ணாடியைத் துடையுங்கள். புழுதியும் பூச்சியும் ஒட்டியிருந்தால் வெளிச்சம் எப்படி வரும்? ரிப்ளெக்டர் மங்கியிருந்தால் புதுப் பல்பு போட்டுப் பயனில்லை, கிண்ணத்தை மாற்றுங்கள். வயர் பிடிப்பில் துரு இருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே ஹாலஜன் வெளிச்சம் நிறைய இறங்கிவிடும். பல வருடம் எரிந்த பல்பை மாற்றி, அதே வாட்டில் நல்ல பல்பு போடுங்கள். மாட்டும்போது கண்ணாடியில் விரல் பட வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும்.

அப்புறம் லைட்டைச் சமன் பார்க்க வேண்டும். செலவே இல்லாத வேலை. ராத்திரியில் சமதரையில், சுவருக்கு நேரே 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். நீங்கள் மேலே உட்கார்ந்து, டிம் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, உங்கள் ஹெட்லைட்டின் நடு உயரத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் இறக்குங்கள். பின்னால் ஆள் ஏறினாலும் மூட்டை ஏறினாலும் வண்டியின் மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். தினமும் ஆளோடு போகிறவர்கள் ஆளை வைத்தே பாருங்கள்.

எல்.இ.டி. மாட்டியே ஆகிவிட்டது என்கிறவர்களுக்கும் இதே சுவர்தான் பரீட்சை. டிம் போட்டால் மேல் விளிம்பு கத்தி வெட்டு மாதிரி தெரிகிறதா? சரி. சுவர் முழுக்க வெள்ளையாக வழிகிறதா? அந்தப் பல்பு உங்கள் வண்டிக்கு ஆகாது. கழற்றிவிடுங்கள்.

பெட்டி மேல் போட்டிருக்கிற வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்.இ.டி.யின் சூடு பின்பக்கம்தான் இறங்கும். அதற்காக வாலில் விசிறியோ தகடோ வைத்திருப்பார்கள். அது உள்ளே இடம் கொள்ளாமல், மெக்கானிக் ரப்பர் மூடியை வெட்டிவிடுவார். முதல் மழையிலேயே ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்! வயரிங்கை வெட்டினால் கம்பெனி வாரண்டியும் கேள்விக்குறி.

அரசுக்கும் ஒரு வார்த்தை

பைக்காரரை மட்டும் மடக்கி அபராதம் வாங்கினால் கதை முடியாது. அவர் கடையில் பில் கொடுத்து வாங்குகிறார். மாட்டக் கூடாத பல்பைக் கடையில் அடுக்கி வைத்து விற்கலாம், வாங்கி மாட்டினால் குற்றம் என்றால் அது என்ன நியாயம்? சோதனை கடையிலிருந்து தொடங்கட்டும்.

ஜெர்மனியில் ஹாலஜன் இடத்தில் எல்.இ.டி. பல்பு போட 2020-ல்தான் முதல்முறையாக அனுமதி கொடுத்தார்கள். அதுவும் எல்லா வண்டிக்கும் அல்ல. இந்தப் பல்பு இந்த மாடலில் எதிராளிக்குக் கூசவில்லை என்று சோதித்துப் பார்த்து, பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாமே! நல்ல பல்பு வேண்டும் என்கிறவருக்கு நல்ல வழி கிடைக்கும். கண்டதையும் விற்கிறவருக்குக் கதவு மூடும்.

புகைச் சோதனைக்கு ஆங்காங்கே நிலையம் இருப்பது போல, லைட் சமன் பார்க்கவும் பெட்ரோல் பங்குகளில் வசதி செய்யலாம். ஒரு சுவர், ஒரு கோடு, ஒரு ஸ்குரூ டிரைவர். கோடிக்கணக்கில் பணம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரு விளக்குகளை எரிய விடுங்கள். ஸ்பீட் பிரேக்கருக்கு வெள்ளை அடியுங்கள். பள்ளத்தை மூடுங்கள். ரோடு தெரிந்தால் பைக்காரர் எதற்காகக் காசு கொடுத்துப் பல்பு வாங்கப் போகிறார்?

ஹெட்லைட் நம் வண்டியில் இருக்கலாம். ஆனால் அதன் வெளிச்சம் விழுவது பொது ரோட்டில். ரேடியோவை அலற வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார், அதோடு போயிற்று. ஓடுகிற வண்டியில் இருப்பவர் கண்ணைப் பொத்திக்கொண்டால் என்ன ஆகும்?

கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் யோசிக்க வேண்டும். போக்குவரத்துப் போலீசாரும் ஆர்.டி.ஓ. அதிகாரிகளும் ஒரு வாரம் இரவு நேரத்தில் இதற்கென்றே ரோட்டில் இறங்கிப் பார்க்க வேண்டும். உயிர்கள் போன பிறகு அல்ல, இப்போதே!

கவனிப்பார்களா?