இரண்டாம் ஆண்டுக்கு யார் பொறுப்பு?

பல் மருத்துவம் படிக்க இந்தியாவில் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. எம்.பி.பி.எஸ். இடத்துக்கும் பி.டி.எஸ். இடத்துக்கும் நீட் ஒன்றே வாசல். அந்த வாசலில் முதல் முயற்சியிலேயே நுழைகிறவர்கள் எத்தனை பேர்? நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தமிழ்நாடு அரசிடம் அளித்த அறிக்கையில் இதற்கு விடை இருக்கிறது. மருத்துவ இடம் பெற்றவர்களில், முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதம். 2020-21-இல் அது 71.42 சதவீதம். நீட் கட்டாயமான நான்கே ஆண்டுகளில் கணக்கு தலைகீழாகிவிட்டது.

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் கடைசியில் முடியும். மே முதல் வாரம் நீட். அட்டவணைப்படி, பள்ளியை விட்டு வெளியே வந்த ஐந்தாறு வாரத்தில் எழுதுகிற தேர்வு இது. ஆனால் இடம் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகும் ஓராண்டு, வேறு வேலை இல்லாமல் முழுநேரமாகப் படித்தவர்கள். அந்த ஓராண்டை வசதியுள்ள வீடுகள் காசு கொடுத்து வாங்குகின்றன. வசதியில்லாத வீடுகளுக்கு அதை அரசுதான் கொடுக்க வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் அதைத் தொடங்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

ஏன் கச்சிராயபாளையம்? கோமுகி அணையும் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலையும் உள்ள இந்த ஊர் வழியாகத்தான் வெள்ளிமலைக்குச் சாலை ஏறுகிறது. மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மூன்று ஜாகிர்களின் பிடியில் இருந்த அவர்களுடைய கிராமங்கள் 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தன. இன்று பிளஸ் டூ எழுதும் பிள்ளையின் தாத்தா, ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்த காலத்தைப் பார்த்தவராக இருக்கலாம். அடிவாரத்தில் கரும்பும் மரவள்ளியும் விளையும் ஊர்களிலும் கூலி வீடுகளின் நிலை பெரிதாக மாறுபட்டதல்ல. விளைச்சல் இல்லாத மாதங்களில் மலையிலும் அடிவாரத்திலும் பிழைப்புக்கு வெளியூர்தான் வழி.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி, பேருந்து எல்லாம் பேசப்பட்டன. பள்ளி முடித்த பிள்ளை அடுத்து எங்கே போகும் என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இதே மலையின் சேலம் பக்கம், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025-இல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் வென்று சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். நாடே பாராட்டியது. ஒருவர் சென்றால் செய்தி. ஆண்டுக்குப் பத்துப் பேர் சென்றால்தான் அது ஏற்பாடு.

அரசு எதுவும் செய்யவில்லை என்பது நம் வாதம் அல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-இல் வந்தது. நீதிபதி கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 சதவீதம். அமைச்சரவை ஏற்றது 7.5. முந்தைய ஆண்டில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஒற்றை இலக்கம். சட்டம் வந்த முதல் ஆண்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 313, பி.டி.எஸ்.ஸுக்கு 92 என 405 இடங்கள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் அப்போதே வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. அண்மைக் காலத்தில் தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

இடம் இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது. நடுவில் ஓராண்டுதான் இல்லை. 2017-க்குப் பிறகு பள்ளிக் கல்வித் துறை ஒன்றியந்தோறும் இலவசப் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. சனிக்கிழமை வகுப்பு, மாலை வகுப்பு, கோடைப் பயிற்சி என்று அதன் வடிவம் மாறி மாறி வந்திருக்கிறது. அந்தப் பயிற்சியின் கண் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் மீதுதான். ஜூனில் முடிவு வந்து, தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியும் இடம் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு? பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டது. உயர்கல்வித் துறைக்கு அவர் இன்னும் மாணவர் ஆகவில்லை. நாமக்கல்லிலும் சென்னையிலும் விடுதியோடு நடக்கும் ரிப்பீட்டர் வகுப்புக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். மகனானால் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போவான். மகளானால் மில் வேலை. இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சு. பிளஸ் டூ முடித்த பெண்ணை ஓராண்டு வீட்டில் வைத்துப் படிக்கச் சொல்லும் தைரியம் எத்தனை கூலி வீடுகளுக்கு இருக்கும்?

அந்த ஓராண்டில் அப்படி என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் தேர்வின் உடற்கூற்றைப் பார்க்க வேண்டும். 180 கேள்வி, 180 நிமிடம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். தெரிந்த விடையை அவசரத்தில் மாற்றிக் குறித்தால் போவது 4 அல்ல, 5. பயிற்சி பெற்ற மாணவர் உயிரியலை ஐம்பது நிமிடத்துக்குள் முடிப்பார். வேதியியலுக்கு ஐம்பது, இயற்பியல் கணக்குகளுக்கு ஒரு மணி நேரம். மீதி இருபது நிமிடம் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பவும், விட்டுவைத்த கேள்விகளுக்குத் திரும்பவும். இந்தக் கால அளவு கைக்குப் பழக வேண்டுமானால் முழு மாதிரித் தேர்வை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பலமுறை எழுத வேண்டும். ஒவ்வொரு தாளையும் ஆசிரியரோடு உட்கார்ந்து திருத்த வேண்டும். பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய பிள்ளைக்கு, நான்கு விடைகளில் இரண்டு சரி போலத் தோன்றும் கேள்வி புது உலகம். சனிக்கிழமை வகுப்பில் இந்தப் பழக்கம் வராது.

மொழிச் சிக்கல் தனி. நீட் கேள்விகள் சார்ந்து நிற்கும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் தமிழில் இல்லை. தமிழ்வழி மாணவர் மாநிலப் பாடநூலை வைத்துக்கொண்டு, கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தேட வேண்டியிருக்கிறது. கேள்வித்தாளின் தமிழ்ப் பகுதியில் குழப்பம் இருந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2018-இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கூடுதலாக வழங்க உத்தரவிட்டதும், நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ததும் நினைவிருக்கும். பிழை செய்தவர்கள் எதையும் இழக்கவில்லை. தமிழில் எழுதிய பிள்ளைதான் இழந்தது.

இங்கேதான் பல் மருத்துவம் தனிக் கவனம் கேட்கிறது. நம் வீடுகளில் டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ்.தான், பி.டி.எஸ். என்பது அது கிடைக்காதவர்களுக்கு விழும் மிச்சம். அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கென்றே தனித் தேர்வு இருக்கிறது. வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறனையும் அது சோதிக்கும். கனடாவில் சோப்புக் கட்டியைக் கொடுத்துக் குறித்த அளவில் செதுக்கச் சொல்வதும் பல்லாண்டு வழக்கத்தில் இருந்தது. கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் தொழில் என்பதை அங்கே நுழைவுத் தேர்வே சொல்லிவிடுகிறது. நம் தேர்வு அதைச் சொல்லாததால் விளையும் விபரீதம் வேறு வகை: ஒருபக்கம் இடம் கிடைக்காத பிள்ளைகள், இன்னொரு பக்கம் ஆளில்லாத பி.டி.எஸ். இடங்கள். 2020-21-இல் நாடு முழுவதும் சுமார் ஏழாயிரம் இடங்கள் காலியாகக் கிடந்து, தகுதி வரம்பைப் பத்துப் பெர்சன்டைல் குறைக்கும்படி 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியைத் தவிர, சிதம்பரத்திலும் 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. சிதம்பரம் கள்ளக்குறிச்சிக்கு எட்டாத தூரமல்ல. பல் வலி வந்தால் கிராம்பை வைத்து அடக்கி, தாங்க முடியாதபோது பஸ் ஏறும் ஊர்கள் இவை. பாக்கும் புகையிலையும் வாயில் இல்லாத பெரியவர்கள் குறைவு. வாய்ப்புண்ணை வாய்ப்புற்று ஆகும் முன் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். மலைப் பிள்ளை ஒருவர் பல் மருத்துவராகத் திரும்பி வருவதன் பயனை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எம்.பி.பி.எஸ். கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட மாணவருக்கு, இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் பி.டி.எஸ். எட்டக்கூடிய இலக்கு. அதை இலக்காகச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. நீட் வேண்டாம் என்று 2021-லும் 2022-லும் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றிய மாநிலம், அதே நீட்டுக்கு விடுதி கட்டிப் பயிற்சி தரலாமா? தரலாம். அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். சட்டப் போராட்டம் தன் வழியில் நடக்கட்டும். நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் தீர்ப்பு வரும்வரை ஒவ்வொரு மே மாதமும் ஒரு தலைமுறை தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறது. கொள்கைக்காகக் காத்திருக்கும் செலவை வெள்ளிமலைப் பிள்ளை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

பதினேழு வயதுப் பிள்ளையை ஒரே தேர்வுக்காக இன்னோராண்டு வதைக்கலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நீட் காவுகொண்ட பிள்ளைகளின் பெயர்களை இந்த மாநிலம் மறக்கவில்லை. அதனால்தான் இந்த உதவிக்கு ஓராண்டு என்ற எல்லை வேண்டும் என்கிறோம். அந்த ஆண்டிலேயே செவிலியர் படிப்பு, துணை மருத்துவப் படிப்புகள், பி.எஸ்சி. ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்க மையமே உதவ வேண்டும். மனநல ஆலோசகர் விடுதியில் இருக்க வேண்டும். இடம் கிடைக்காத பிள்ளையும் கையில் வேறொரு சேர்க்கைக் கடிதத்தோடு வீடு திரும்ப வேண்டும்.

செலவைச் சொல்பவர்களுக்கு விடை எளிது. தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் படிப்பு முடியும்வரை கட்டத் தயாராக இருக்கும் அரசுக்கு, அந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓராண்டுச் சோறும் படுக்கையும் பாரமல்ல.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கச்சிராயபாளையத்தில் ஜூன் முதல் மே வரை இயங்கும் உண்டு உறைவிடப் பயிற்சி மையம் வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதியோடு. மாவட்ட எல்லை பார்க்காமல் கருமந்துறைப் பக்கத்துப் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்குக்கும் முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். பள்ளிகளிலிருந்து மாற்றுப் பணியில் இழுத்து வந்து, அங்கே ஒரு வகுப்பைக் காலியாக்கும் வேலை கூடாது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்து படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் ஞாயிறுதோறும் இங்கே வந்து பாடம் சொன்னால், எந்த மோட்டிவேஷன் பேச்சாளரும் தேவையில்லை.

சான்றிதழ் வேலை அதைவிட அவசரம். பழங்குடியினர் சாதிச் சான்றை வழங்குவது கோட்டாட்சியர். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று கலந்தாய்வுக்குக் கேட்கும் தாள்கள் ஏராளம். மதிப்பெண் இருந்தும் தாள் இல்லாமல் நிற்கும் நிலை வரக்கூடாது. மாநில ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு இருப்பதே 1 சதவீதம். அதிலும் ஓர் இடம் கோப்பில் சிக்கிக் கைநழுவுவதைப் பொறுக்க முடியாது. வருவாய்த் துறை மையத்துக்கே வந்து, தேர்வுக்கு முன்பே சான்றிதழ் முகாமை முடிக்க வேண்டும்.

இது நடக்காத கனவல்ல. பக்கத்துப் பெரம்பலூரில் பத்தாண்டுக்கு முன்பே, அன்றைய ஆட்சியர் தாரேஸ் அகமது 'சூப்பர் 30' என்ற பெயரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அங்கே பயிற்சி பெற்றவர்கள் பள்ளி மாணவர்கள். ஏற்பாடோ ஒரு ஆட்சியரின் முனைப்பு. முனைப்பு அதிகாரியோடு இடம் மாறிவிடும். அரசாணையும் நிதி ஒதுக்கீடும் மாறாது. ஆகவே பழங்குடியினர் நலத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து ஆணை பிறப்பிக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடம் பெற்றார்கள், மற்றவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால், மலையும் அடிவாரமும் அடங்கிய தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுந்து ஏன் என்று கேட்க வேண்டும்.