அத்தையின் காரும் நாலு ஸ்விட்சும்

ஐப்பசி மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சேலையூரில் இருக்கும் என் அத்தையின் காருக்குள்ளும் அது கேட்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டது. இடப் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்று போய், ஸ்விட்சை எத்தனை அழுத்தியும் அசைய மறுத்ததுதான் காரணம்.

கார் லேசுப்பட்டதல்ல, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்! 1961 முதல் தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான வண்டி. இங்கிலாந்திலே கூட இல்லாத நாலு கதவு ஹெரால்டைப் பிற்பாடு நம் ஊரில் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் மாடிக் கட்டடங்கள்.

ஹெரால்டில் கைப்பிடியைச் சுற்றித்தான் கண்ணாடியை ஏற்ற வேண்டும். மாமாவுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. சில வருஷங்களுக்கு முன் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் மோட்டார் செட்டைப் பொருத்திவிட்டார்.

"மோட்டார் போச்சு, புதுசு வாங்கணும்" என்றார் மாமா.

முடிச்சூர் சாலையிலிருந்து வந்த வயரிங்காரர் பதில் பேசவில்லை. வலப் பக்கத்து ஸ்விட்சைக் கழற்றி இடப் பக்கத்தில் மாட்டினார். கண்ணாடி முனகிக்கொண்டே மேலே ஏறியது!

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு ஐயா. ஸ்விட்ச்தான் கருகிப் போச்சு" என்று பிரித்துக் காட்டினார். உள்ளே செம்புத் தகடுகள் கரி பிடித்துக் கிடந்தன.

மோட்டாருக்குப் போகும் கம்பிகள் இரண்டு. ஒன்றில் மின்சாரம் போனால் கண்ணாடி ஏறும். மற்றதில் போனால் இறங்கும். இதை மாற்றி மாற்றி விடுவதுதான் ஸ்விட்சின் வேலை. ஆனால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் விரல் நுனி அளவு ஸ்விட்ச் வழியாகவே போனால், அது எத்தனை நாள் தாங்கும்? அதற்குத்தான் ரிலே. மாமியார் குரல் கொடுக்க, மருமகள் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற மாதிரி, ஸ்விட்ச் உத்தரவு மட்டும் போடும். பாரத்தை ரிலே சுமக்கும். ஏற ஒன்று, இறங்க ஒன்று என ஒரு கதவுக்கு இரண்டு ரிலே.

கதவுக் கீல் அருகே கம்பிகள் நைந்திருந்தன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த இடம் மடிகிறதல்லவா? புதுக் கம்பி போட்டு ரப்பர் குழாய்க்குள் நுழைத்தார். தனி ஃப்யூஸும் வைத்தார். "இது போனா தடிக் கம்பியைச் சுத்திடாதீங்க ஐயா, வண்டியே எரிஞ்சுடும்" என்று மாமாவை எச்சரித்தார்.

அப்புறம்தான் அந்த விஷயத்தைச் சொன்னார். "அம்மா, பேரன் சீட்டிலே முட்டி போட்டுத் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்ப்பான் இல்லே? இந்த ஸ்விட்ச் கை வைக்கிற பலகையிலே மல்லாந்து கிடக்கு. முட்டி பட்டா கண்ணாடி ஏறும். அது கழுத்துன்னு மோட்டாருக்குத் தெரியாது."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இப்படிக் குழந்தைகள் இறந்ததனால்தான் அமெரிக்காவில் 2005-ல் சட்டமே செய்தார்கள்: ஸ்விட்சை மேலே இழுத்தால்தான் கண்ணாடி ஏற வேண்டும், அழுத்தினால் ஏறக் கூடாது. அந்த மாதிரி ஸ்விட்ச் இங்கேயும் கிடைக்கிறது.

"நாலு கதவுக்கும் அதையே போடு, தம்பி" என்றாள் அத்தை.

"கெட்டது ஒண்ணுதானே!" என்றார் மாமா.

"பேரனும் ஒண்ணுதான்" என்றாள் அத்தை. மாமா பர்ஸை எடுத்தார்.

சாவியை எடுத்துவிட்டால் ஒரு கண்ணாடியும் அசையாதபடி வயரிங்கை மாற்றிக் கொடுத்தார் அந்த மனிதர். பின் கதவு ஸ்விட்சுகளை அடக்கி வைக்க ஓட்டுகிறவர் பக்கத்தில் தனியாக ஒரு ஸ்விட்சும் வைத்தார். உங்கள் வீட்டுக் கார் புதிதோ பழசோ, இதையெல்லாம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். குழந்தையைக் காரில் விட்டுக் கடைக்குள் போகாதீர்கள். ஒரு நிமிஷத்துக்கு இறங்கினாலும் சாவி உங்கள் கையோடு வரட்டும்.

மாமா மட்டும் பழைய கைப்பிடி ஒன்றைத் துடைத்து டிக்கியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். எதற்கென்று கேட்டேன்.

"பாட்டரி தீர்ந்து போனால்?" என்றார்.

அதை மாட்டக் கதவில் இப்போது இடமே இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?